இரைச்சல் இல்லாத கிடார்

கிடாரில் மாட்டுகிற ஆக்டிவ் பிக்கப்பைப் பற்றி யாராவது குறை சொன்னால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அதில் உயிரில்லை என்பார்கள். சொல்கிறவன் பெரும்பாலும் வீட்டில் மெத்தைமேல் உட்கார்ந்து வாசிக்கிறவனாக இருப்பான். ட்ராம் தண்டவாளத்தை ஒட்டிய நிலவறையில், தலைக்கு மேல் டியூப்லைட் எரிய, ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திருகி வைத்து அவன் ஒரு நாள் வாசித்துப் பார்க்கட்டும். கம்பியின் அதிர்வைப் பிடித்து மின்சாரமாக்குகிற காந்தச் சுருள்தான் பிக்கப், அதற்கு வேண்டியவர் வேண்டாதவர் தெரியாது. சாதாரணச் சுருள் கம்பியையும் பிடிக்கும், டியூப்லைட்டையும் பிடிக்கும், தெருவில் போகிற ட்ராமையும் பிடிக்கும். ஆக்டிவ் அப்படியில்லை. அதற்குள்ளேயே குட்டியாக ஒரு சர்க்யூட், கிடாரின் முதுகில் சதுரமாக ஒரு பேட்டரி. கொஞ்சமாகப் பிடித்தால் போதும், பெரிதாக்குகிற வேலையைச் சர்க்யூட் பார்த்துக்கொள்ளும். அதனால் கண்டதும் உள்ளே நுழையாது. நீங்கள் அடித்தால் சத்தம் வரும், அடிக்காவிட்டால் வராது. ஒரு கருவியிடம் இதற்கு மேல் என்ன கேட்பது?

எனக்கு அது அவசியமாகிப் போனதற்குக் காரணம் ப்ளஜெனா. ஒபாவாவுக்குப் பக்கத்தில் பழைய கல்குவாரி ஒன்றில் கோடைதோறும் ஹெவி மெட்டல் இசை விழா நடக்கும். அங்கே ஒலிக்குப் பொறுப்பு அவள்தான். இரண்டு வருடம் முன்பு எங்கள் பேண்ட் அங்கே வாசித்தபோது, ஜெனரேட்டரும் மேடை விளக்கும் சேர்ந்து என் கிடாருக்குள் புகுந்துகொண்டு, பீர்க் கூடாரம்வரை உறுமின. மூன்றாவது பாட்டிலேயே அவள் எங்கள் சத்தத்தை அணைத்துவிட்டாள். இந்த வருடம் கெஞ்சிக் கூத்தாடி மறுபடி இடம் வாங்கினேன். முதல் ஆளாக, மதியம் இரண்டு மணிக்கு. அதற்கும் ஒரு நிபந்தனை போட்டாள்.

"போன தடவை மாதிரி குளவிக்கூட்டைத் தூக்கிட்டு வந்தேன்னா, மேடையிலயே வயரைப் புடுங்கிருவேன் லூமிர். அப்புறம் இந்தப் பக்கமே வராத."

அவள் சொன்னால் செய்கிறவள். அந்த மேடை போனால் எங்கள் பேண்டும் போய்விடும் என்பது எனக்குத் தெரியும். பேண்ட் என்று நான் சொல்வதே கொஞ்சம் அதிகம்தான். பாடிக்கொண்டு பேஸ் கிடார் வாசித்த ஹினெக், வசந்தத்தில் வேலை கிடைத்து ஆஸ்திரியாவில் லின்ஸுக்குப் போய்விட்டான். நாங்கள் மூன்று பேரும் பேச வேண்டியதை எல்லாம் அவன் ஒருவனே பேசிக்கொண்டிருந்தான். மிஞ்சியது நானும் ட்ரம் வாசிக்கும் ஒட்மாரும், பாட ஆளில்லாமல் வெறும் வாசிப்பு. இரண்டு பேர் நின்றால் அது பேண்ட் இல்லை, பஸ் ஸ்டாப் என்று போகும்போது ஹினெக் கேலி செய்துவிட்டுப் போனான்.

எனக்குச் செவ்வாய்க்கிழமை ஒத்திகையை விட்டால் வேறு நாதியில்லை. மனைவி பிரிந்துபோய் வெகுகாலம் ஆகிறது. மகள் பர்னோவில் இருக்கிறாள், கிறிஸ்துமஸுக்குப் போனில் கூப்பிடுவாள். நான் வேலை செய்கிற கிடங்கில் டைல்ஸ் பெட்டிகளோடுதான் பொழுது போகும். செவ்வாயை எடுத்துவிட்டால் என் வாரத்தில் பெயர் சொல்லும்படி ஒரு கிழமையும் இருக்காது.

ஒட்மாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆஸ்ட்ராவா உருக்காலையில் கிரேன் ஓட்டுகிறவன். நாள் முழுக்கத் தரையிலிருந்து அத்தனை உயரத்தில், ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக உட்கார்ந்திருப்பான். கீழே வந்த பிறகும் கூண்டுக்குள் இருப்பது போலத்தான் இருப்பான். சட்டையோடு சேர்ந்த தொப்பியைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு ட்ரம்முக்குப் பின்னால் உட்கார்வான். மற்ற ட்ரம்மர்கள் குச்சியைத் தட்டி ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணித் தொடங்குவார்கள். எங்களிடம் அந்தப் பழக்கமே இல்லை. எங்கள் பாட்டுகள் எல்லாமே ட்ரம்மில்தான் தொடங்கும், நான் பின்னால் வந்து சேர்ந்துகொள்வேன். நான் சுருதி சேர்த்து, தண்ணீர் குடித்து, கம்பிமேல் கையை வைப்பேன். அவன் தொடங்கிவிடுவான். பதினெட்டு வருடமாக அப்படித்தான் நடந்துவந்தது. ஒரு பேச்சு வேண்டியிருக்காது.

ஒரு சனிக்கிழமை சமையல் மேஜைமேலிருந்த குலாஷ் குழம்புப் பாத்திரத்தை நகர்த்திவிட்டு, கிடாரைப் பிரித்துப் போட்டேன். பழைய சுருள்களைக் கழற்றி, ஆக்டிவ் ஜோடியை வைத்துப் பற்றவைத்து முடிக்க மாலையாகிவிட்டது. ஆம்ப்ளிஃபயரைப் போட்டேன். ஒன்றும் கேட்கவில்லை. ஏதோ எரிந்துபோய்விட்டது என்று பதறிப்போய்க் கம்பியைத் தட்டினேன். பக்கத்து வீட்டு நாய் குரைக்க ஆரம்பித்துவிட்டது. பழைய கிடாரில் கையைக் கம்பியிலிருந்து எடுத்தால் இரைச்சல் பொங்கிவரும், கையை வைத்தால் உடம்பு வழியாகப் பாதி அடங்கும். இதில் கையை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன். எந்த வித்தியாசமும் இல்லை. வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு, யாரிடம் சொல்வது என்று தெரியாமல் குலாஷைச் சூடு பண்ணினேன். அந்தச் சந்தோஷத்தில் வயரைப் பிடுங்க மறந்து தூங்கிப்போனேன். வயர் செருகியிருக்கும்வரை பேட்டரி கரையும் என்று பெட்டியிலேயே எழுதியிருந்தது. காலையில் வேறு பேட்டரி வாங்கப் போனேன்.

செவ்வாய்க்கிழமை நிலவறைக்கு எடுத்துப்போனேன். ஒட்மார் வந்தான், தலையசைத்தான், உட்கார்ந்தான். நான் சுருதி சேர்த்தேன். தண்ணீர் குடித்தேன். கம்பிமேல் கையை வைத்தேன். அவன் தொடங்கவில்லை. வெளியே ஒரு ட்ராம் போயிற்று, ஆம்ப்ளிஃபயர் வாயே திறக்கவில்லை. அவன் குச்சிகளைத் தொடைமேல் வைத்தபடி தலையைச் சாய்த்து உட்கார்ந்திருந்தான். தூங்கிவிட்டானோ என்றுகூட நினைத்தேன். ஆரம்பி என்றேன். திடுக்கிட்டு ஆரம்பித்தான், ஆனால் வேறு பாட்டை. அடுத்ததற்கு நானே ஒன்று இரண்டு மூன்று நான்கு என்று எண்ணிப் பார்த்தேன். அவன் கை பாதியில் தடுமாறி நின்றது. இப்படி ஒரு நாளும் அவன் தடுமாறியதில்லை. மூன்று பாட்டுக்குப் பிறகு குச்சிகளைப் பையில் போட்டுக்கொண்டு, நாளைக்குக் காலை ஷிஃப்ட் என்று முனகிவிட்டுப் போய்விட்டான்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. இவனும் அந்த உயிரில்லை கோஷ்டிதானா என்று நினைத்தேன். இவ்வளவு சுத்தமான சத்தத்தைக் கேட்டுவிட்டு ஒரு வார்த்தை நன்றாயிருக்கிறது என்று சொன்னால் என்ன குறைந்துபோகும்? அடுத்த செவ்வாய் அவன் வரவில்லை. போன் பண்ணினேன், எடுக்கவில்லை. அவன் எப்போதும் எடுப்பதில்லை என்பதால் அதைத் தப்பாகவும் எடுத்துக்கொள்ள முடியாது. கிடாரை மாட்டிக்கொண்டு காலி நாற்காலிக்கு எதிரில் நின்றேன். இரைச்சலாவது இருந்தால் ஏதோ ஒன்று கூட இருப்பது போல இருந்திருக்கும். அதையும் நானே என் கையால் பிடுங்கிப் போட்டிருந்தேன். நான் தனி ஆள் என்பது எனக்குப் புதிய செய்தி இல்லை. ஆனால் அன்றைக்கு அது காதில் கேட்டது.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹினெக்கைக் கூப்பிட்டேன். ஒட்மார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்விட்டான், புது பிக்கப் அவனுக்குப் பிடிக்கவில்லை என்று கொட்டித் தீர்த்தேன். ஹினெக் ஏதோ மென்றுகொண்டே கேட்டான். பிறகு மெல்வதை நிறுத்தினான்.

"இரு. இப்ப அந்த இரைச்சல் சுத்தமா வர்றதில்லையா?"

"பொட்டுக்கூட இல்ல."

"அட பாவி. அவன் அதை வச்சுத்தானேடா ஆரம்பிப்பான்."

எதை வைத்து என்றேன்.

"உன் கையை வச்சு. நீ கம்பிமேல கையை வச்சதும் இரைச்சல் அடங்கும்ல, அதுதான் அவனுக்கு சிக்னல். கிரேன்காரன்டா அவன். கீழ இருந்து சைகை வராம ஒரு பெட்டியைக்கூட அசைக்க மாட்டான். ஒலொமோட்ஸ்ல வாசிச்சிட்டு வரும்போது வேன்ல என்கிட்ட சொன்னான். லூமிர் கையை வைக்கிறது எனக்குக் கேட்கும், எடுக்கிறதும் கேட்கும்னு. உனக்குத் தெரியும்னுல்ல நினைச்சேன்."

எனக்குத் தெரியாது. வழியிலிருந்த பாலத்தின்மேல் நின்றுவிட்டேன். நான் தண்ணீர் குடிப்பதும், கையைத் துடைப்பதும், யோசித்துக்கொண்டு சும்மா நிற்பதும் எல்லாமே ஒருவன் காதில் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. என் கையை இத்தனை கவனமாக என் மனைவிகூடக் கேட்டதில்லை. நானோ அத்தனை வருடமும் யாரும் என்னைக் கவனிப்பதில்லை என்று புலம்பிக்கொண்டு, அவன் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருக்கிறேன்.

மறுநாள் வேலை முடிந்ததும் பொரூபாவில் அவன் இருக்கும் அடுக்ககத்துக்குப் போனேன். அவன் வீட்டுக்குள் நான் போவது அதுதான் முதல் தடவை. கதவைத் திறந்தவன் தேநீரில் ரம் ஊற்றிக் கொடுத்தான். மேஜைக்கு ஒரே ஒரு நாற்காலிதான் இருந்தது. எனக்கு அதைக் கொடுத்துவிட்டு அவன் ஜன்னல் விளிம்பில் சாய்ந்துகொண்டான்.

ஏன் வரவில்லை என்று கேட்டேன். தேநீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"நீ இருக்கியா இல்லையான்னு தெரியல."

நான் அங்கேதானே நின்றிருந்தேன் என்று சொல்ல வந்தேன். வாயில் வந்தது வேறு.

"பழசையே திரும்ப மாட்டிடுறேன், ஒட்மார். ஒரு சாயங்கால வேலைதான்."

"மாத்தாத. சத்தம் நல்லா இருக்கு." கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னான். "அந்தம்மா வயரைப் புடுங்கிரும்."

அதுவும் உண்மை. பழையதோடு போனால் ப்ளஜெனா விடமாட்டாள், புதியதோடு போனால் ஒட்மாரால் தொடங்க முடியாது. கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவன் கண்ணைத் திறந்து வைத்திருப்பது, நான் திரும்பித் தலையசைப்பது. ஊர் உலகத்தில் எல்லா பேண்டும் செய்கிற காரியம்தான். இருந்த ஒரே ஒத்திகையில் தட்டுத்தடுமாறி ஒப்பேற்றினோம்.

குவாரியில் மதியம் இரண்டு மணி வெயில் நேராக மேடைக்குள் அடித்தது. கீழே ஒரு முப்பது பேர் இருந்திருப்பார்கள், பாதிப் பேர் கையில் சாஸேஜும் ரொட்டியுமாக. ப்ளஜெனா அவளுடைய கூடாரத்தில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். ஆம்ப்ளிஃபயரை மேடையின் ஒரு கோடியில் வைத்துவிட்டு, எனக்கு நீளமான வயர் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். இயக்கினேன். அத்தனை விளக்கு, அத்தனை ஜெனரேட்டர், ஒரு முனகல் இல்லை. அவள் கை கட்டவிழ்ந்ததைப் பார்த்தேன். திரும்பி ஒட்மாரைப் பார்த்துத் தலையசைத்தேன்.

அவன் பழைய பழக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்தான். முகத்தில் வெயில். குச்சிகள் தொடைமேல். தலையை என் பக்கம் சாய்த்து, வராத ஒன்றுக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தான். பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன், ஜெனரேட்டர் சத்தத்தில் அவனுக்குக் கேட்கவில்லை. கூட்டத்தில் ஒருவன், மின்சாரக் கட்டணம் கட்டலையா என்று கத்தினான், சிலர் சிரித்தார்கள். இத்தோடு முடிந்தது, இனிச் செவ்வாய்க்கிழமை கிடையாது என்று நினைத்தேன். பிறகு கிடாரோடு மேடையைக் குறுக்கே கடந்து நடந்தேன். சாதாரணப் பிக்கப்பாக இருந்தால் அவ்வளவு நீள வயரில் சத்தம் மழுங்கிச் செத்திருக்கும், இதற்கு அந்தக் கவலை இல்லை. ட்ரம்மைச் சுற்றிப்போய் அவன் தோள்மேல் கையை வைத்தேன்.

அடுத்த நொடி தொடங்கினான். நெஞ்சில் இடிக்கிற மாதிரி, ஒரு தப்பில்லாமல். கையை எடுத்துக் கம்பிக்குக் கொண்டுபோய் அங்கேயே நின்று வாசித்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அப்படியே செய்தோம். ஜனங்களுக்கு அது எங்கள் வித்தை என்று தோன்றியிருக்க வேண்டும், நான்காவது பாட்டில் நான் கை வைத்ததும் அவர்களே ஓவென்று கத்த ஆரம்பித்துவிட்டார்கள். ப்ளஜெனா வயரைத் தொடவில்லை. எனக்கோ ஒரே ஒரு நினைப்புதான். இத்தனை வருடத்தில் நான் இவனைத் தொட்டதேயில்லை. யாரைத்தான் தொட்டேன்? அவன் தோள் எலும்பாக இருந்தது, சட்டைக்குள் வியர்த்துச் சூடாக இருந்தது.

கடைசிப் பாட்டும் முடிந்தது. ஆட்கள் கைதட்டிவிட்டு பீர் பக்கம் நகர்ந்தார்கள். அடுத்த பேண்டுக்காரர்கள் பெட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். அவனை எழுப்பிக் கூட்டிப்போகலாம் என்று தோளில் கை வைத்தேன். அவன் அசையவில்லை, கண்ணைத் திறக்கவும் இல்லை. அடுத்த பாட்டுக்குக் காத்திருக்கிறான் போலிருக்கிறது என்று நினைத்து, குனிந்து சொன்னேன்.

"அவ்வளவுதான் ஒட்மார். பாட்டு முடிஞ்சிருச்சு."

"தெரியும்," என்றான். "கை இருக்கட்டும்."