வடகரையில் அழாதவள்

1

இந்தக் கதை வயித்தெரிச்சல்ல பிறந்தது, முதல்லயே சொல்லிருதேன். மாமியார் சாவுக்கு அழலைன்னு என் தங்கச்சி குழல்வாய்மொழியை புகுந்த ஊரான வடகரையில இருந்து அனுப்பிட்டாங்க. படுக்கையில கெடந்த அந்தம்மாவுக்கு எட்டு மாசம் பீ அள்ளினவ அவதான்.

தொடக்கம்: ‘குற்றாலத்தில் சாரல் விழும் ஒரு மாலையில்...’ (எழுதி அடிச்சாச்சு. சாரலாம், மண்ணாங்கட்டி.)

2

அந்தச் சாவுக்கு முன்னாலயே குழல் சோறு இறங்க வாய்க்கு வாய் தண்ணி குடிச்சா. கண்ணுல மண்ணு உறுத்துதுன்னா. காலையில விரல் மடங்கலை. ரெண்டு வருசத்துல ஆறு பல்லு சொத்தை. பல் டாக்டர் பல்லைப் பாத்தார், கண் டாக்டர் கண்ணைப் பாத்தார், ஒருத்தரும் ஆளைப் பாக்கலை. நாங்க மட்டும் யோக்கியமா? “எல்லாம் சூடு”ன்னு எண்ணெய் தேச்சு, மூணு சீசன் ஐந்தருவியில கொண்டு நிறுத்தினோம். வாய் காஞ்சேதான் கெடந்துச்சு.

3

சாவு வீட்டுல பொம்பளைங்க தோளைக் கட்டிக்கிட்டு அழுதாங்க. செத்தவங்க மக ஜோதிலட்சுமி கத்தினா: “ஒரு சொட்டு வருதா பாரு, கல்நெஞ்சுக்காரிக்கு!”

இவளை வில்லியாக்கிரலாம்னு நினைச்சேன். [ஆனா ஒரு வரியை மறைச்சு வச்சிருந்தேன், இப்போ எழுதுதேன்.] கட்டிப்பிடிச்ச சாக்குல குழலோட இடுப்பை நறுக்குனு கிள்ளினவ நான்தான்.

“அழுட்டி, ஊரே பாக்குது.”

“வரமாட்டேங்குதுக்கா. கண்ணு எரியுது.”

நான் நம்பலை. பதினாறாம் நாள் முடிஞ்சதும் அவ புருசன் விஜயசங்கர், தென்காசியில என் வீட்டு வாசல்ல அவளை இறக்கிவிட்டுட்டுப் போயிட்டான்.

4

திருநெல்வேலி டாக்டரம்மா கண் இமைக்குள்ள ஒரு காகிதத் துண்டை அஞ்சு நிமிசம் வச்சாங்க. நனையலை. ரத்தமும் எடுத்துப் பாத்துச் சொன்னாங்க, ஷோக்ரன் நோய். நம்ம உடம்பே கண்ணீரும் எச்சிலும் சுரக்குற இடத்தை எதிரின்னு நினைச்சு அடிக்குமாம்.

ரிப்போர்ட்டை விஜயசங்கருக்கு அனுப்பினேன். போன் வந்துச்சு.

“நோய்னா வைத்தியம் பாப்போம் மதினி. ஆனா எங்க ஜோதிலட்சுமி அக்கா கால்ல விழுந்துட்டு வரச் சொல்லுங்க.”

5

முடிவு ஒன்று: அவ அருவிக்கடியில நிக்கிறா, கன்னத்துல வழியுறது தண்ணியா, கண்ணீரா... (சீ! இதை எழுதின கையை ஒடிக்கணும்.)

முடிவு இரண்டு: விஜயசங்கர் மனம் திருந்தி... (அவனாவது!)

இதுவரைக்கும் எழுதினதைக் குழல் படிச்சுட்டா.

“நான் செஞ்ச தப்பு என்னன்னு இதுல எங்க இருக்குக்கா?”

நாலு தரம் தேடிட்டேன். இல்லை.

முடிவை நீங்களே எழுதிக்கோங்க. அவ வடகரைக்குப் போகட்டும், போகாம என்கூடவே இருக்கட்டும். ஆனா அவ யார் கால்லயும் விழுத மாதிரி எழுதினீங்கன்னா, வீடு தேடி வந்து கிழிச்சுப் போடுவேன்.