எங்க கெளம்பிட்டீங்க?

எங்கள் ஊரில் வீட்டுப் படியை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருவர் "எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டுவிடுவார். பதில் வேண்டும் என்றெல்லாம் கேட்பதில்லை. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான். நானும் வருஷக்கணக்காக ஒரே பதிலைத்தான் சொல்லிவந்தேன்: "இங்கதான்." ஆஸ்பத்திரிக்குப் போனாலும் இங்கதான், பேங்குக்குப் போனாலும் இங்கதான். அதற்கு மேல் ஒரு வார்த்தை கூடச் சொன்னால், நான் வீடு திரும்புவதற்குள் அது கண் காது மூக்கோடு தெருவைச் சுற்றி வந்திருக்கும்.

வேடிக்கை என்னவென்றால், நான் பிழைப்பதே ஜன்னல் திரை தைத்துத்தான். ஊர் வளர வளர எனக்கு வேலை. புது மாடி வீடு என்றால் புது ஜன்னல்கள். அதனால் நான் ஊரைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். இருந்தாலும் சொல்கிறேன். சாலை போடுகிறார்கள். தார் காய்வதற்குள் தண்ணீர்க் குழாய்க்கென்று தோண்டுகிறார்கள். அதை மூடியதும் சாக்கடைக்கென்று வேறு ஆட்கள் வருகிறார்கள். இப்படித் தைத்துப் பிரித்துத் தைக்கிற ஆள் என்னிடம் வேலைக்கு வந்திருந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பியிருப்பேன். நான்கு மாடிக் கடை வந்துவிட்டது, பெரிய ஆஸ்பத்திரி வந்துவிட்டது. படித்த பிள்ளைகளுக்கு வேலை மட்டும் இன்னும் வழியிலேயே நிற்கிறது.

அதனால்தான் என் மகன் பெருநகரத்துக்குப் போனான். அங்கே ஒரு அறையில் நான்கு பேர். போனில் "நல்லா இருக்கேம்மா" என்பான். கொட்டாவி விட்டுக்கொண்டே சொல்வான். என் வீட்டுக்காரர் காலமான பிறகு எனக்கு இரண்டு பிள்ளைகள்தான் உலகம். அதில் பாதி போய்விட்டது. மீதி, மகள்.

அவளுக்கு ஒரு கம்பெனி இன்டர்வியூ வந்தது. வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் பார்க்கிற வேலை. கடைசிச் சுற்று, வீடியோவில் பேச வேண்டும். கிடைக்காவிட்டால் அண்ணனிடம் போய்விடுவதாகப் பெட்டியைக் கூடத் துடைத்து வைத்துவிட்டாள். "போ, போய்ப் பொழச்சுக்கோ" என்று வாயால் சொன்னேன். உள்ளுக்குள் அந்த வேலைக்காக அவளைவிட நான்தான் அதிகமாகத் தவித்தேன்.

"யார்கிட்டயும் மூச்சு விடாத" என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். கிடைக்காமல் போனால் தெருவே "என்ன ஆச்சு?" என்று கேட்டே சாகடிக்கும்.

இன்டர்வியூ அன்று காலை, தெருமுனையில் மண் தோண்டும் வண்டி ஒரே அள்ளில் இன்டர்நெட் கேபிளையும் சேர்த்து அள்ளியது. எங்கள் வீட்டுக்குள் போன் சிக்னல் எப்போதுமே பாதிதான். மகள் லேப்டாப்பை வெறித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். நான் செருப்புகூடப் போடாமல் தெருவில் இறங்கினேன்.

எதிரே வெல்டிங் பட்டறைக்காரர் முகமூடியைத் தூக்கிவிட்டு வழக்கம்போலக் கேட்டார்: "எங்க கெளம்பிட்டீங்க?"

"இங்க..." என்று ஆரம்பித்தேன். அதற்கு மேல் வரவில்லை. அழுகைதான் வந்தது. நடுத்தெருவில் நின்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"இத நேத்தே சொல்லக்கூடாதாக்கா? நம்ம பல் டாக்டர் கிளினிக்ல வேற லைன். பாப்பாவ அங்க கூட்டிட்டுப் போங்க, சத்தத்த நான் பாத்துக்கறேன்" என்றார்.

பல் டாக்டர் நாற்காலியில் கன்னம் வீங்கிய ஒருவர் வாயைத் திறந்தபடி படுத்திருந்தார். டாக்டர் விஷயத்தைக் கேட்டுவிட்டு அவரைப் பார்த்தார். அவரே எழுந்துவிட்டார். "ரெண்டு நாளா வலிக்குது, இன்னும் கொஞ்ச நேரம் வலிச்சிட்டுப் போகட்டும். நீ உக்காரும்மா."

அவள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சொத்தைப் பல் படம் ஒன்று ஆள் உயரத்துக்குத் தொங்கியது. யாருக்கோ தைத்து வைத்திருந்த நீலத் திரையை ஓடிப்போய் எடுத்துவந்து அதன்மேல் மாட்டினேன். தெருவில் பட்டறை நின்றது. தோண்டும் வண்டி நின்றது. மாடி வீட்டு அக்கா தன் நாயைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அதன் வாயைப் பிடித்துக்கொண்டாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

தெரு அப்படி அடங்கியதில் ஒரு சிக்கல் வந்தது. கம்பெனிக்காரர் நடுவில், "லைன் கட்டாயிடுச்சா? உங்க பக்கம் சத்தமே இல்லையே?" என்றார்.

"லைன் இருக்கு சார். எனக்காக எங்க தெருவே வாய மூடிட்டு இருக்கு" என்றாள் மகள்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் சிரித்தது கேட்டது. அது நல்ல சிரிப்பா, போகட்டும் பாவம் என்கிற சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு நாள்கணக்கில் கம்பெனியிலிருந்து பதிலே வரவில்லை. நான் பயந்தபடியே நடந்தது. காய் வாங்கப் போனால் "என்ன ஆச்சு?", குப்பை கொட்டப் போனால் "என்ன ஆச்சு?" ஒருநாள் பட்டறைக்காரரிடம் வெடித்துவிட்டேன். "வந்தா சொல்ல மாட்டேனா? தெனம் கேட்டு ஏன் உயிர வாங்கறீங்க?" அவர் முகம் சுருங்கிப்போனது.

ஒரு மாலை, மகள் லேப்டாப்பிலிருந்து நிமிர்ந்து, "அம்மா, கெடச்சிருச்சு" என்றாள். அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன். முகத்தைக் கழுவினேன். காலிப் பையைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

யாரும் கேட்கவில்லை.

என்னைக் கண்டதும் பட்டறைக்காரர் முகமூடியை இழுத்து மூடிக்கொண்டார். கையில் வெல்டிங் கம்பிகூட இல்லை. வாசலில் நின்ற பல் டாக்டர் போனைக் காதில் வைத்துக்கொண்டார். மாடி வீட்டு அக்கா கொடியில் இல்லாத துணியை எடுக்கத் திரும்பினாள். பாவம், என் மனசு நோகக்கூடாது என்று எல்லோருமாகப் பேசி வைத்திருக்கிறார்கள். தெருமுனை வரை போய்த் திரும்பி வந்தேன். மறுபடியும் போய் வந்தேன். மூச்சு விடவில்லை ஒருவரும். பெருநகரத்தில் மகன் இருக்கும் தெரு இப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்று தோன்றியது.

பட்டறை வாசலில் நின்றேன். "ஏன், எங்க கெளம்பிட்டீங்கன்னு ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சா போயிடுவீங்க?"

அவர் முகமூடியை மெல்லத் தூக்கினார். பயந்துகொண்டே கேட்டார்: "எங்க கெளம்பிட்டீங்கக்கா?"

"எங்கயும் இல்ல. அவளுக்கு வேல கெடச்சிருச்சு!"

டாக்டர் போனை இறக்கிவிட்டு ஓடிவந்தார். மாடியிலிருந்து அக்கா, "அடி சக்க!" என்று கத்தினாள். நாய் குரைத்தது.

"அப்ப பாப்பா பெட்டிய கட்டணுமா? வேல எங்க?" என்றார் பட்டறைக்காரர்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். ஊருக்கெல்லாம் மழுப்பிச் சொல்லிவந்த அதே வார்த்தைதான். இந்த முறை தெருவுக்கே கேட்கச் சொன்னேன்.

"இங்கதான்."