கார்பன் இல்லாத கிட்டங்கி

உத்தமபாளையம் ஷானவாஸின் வாழைக்காய்க் குளிர்பதனக் கிட்டங்கிக்கு அனிதா மேரி மூன்றாம் முறையாக வந்தபோது, அவள் தலையிலிருந்து கிளம்பிய ஆவியில் ஒரு அண்டா இட்லி வெந்திருக்கும். கம்பெனிகள் விடும் கரியமில வாயுவைக் குறைக்கத் திட்டம் போட்டுக் கொடுப்பது அவள் வேலை. ஷானவாஸ் கையெழுத்திட்ட திட்டம் இன்று சாயங்காலத்துக்குள் போய்ச் சேராவிட்டால், அவர் காயை வெளிநாட்டுக்கு ஏற்றும் கொச்சி ஏஜெண்ட் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வார். மனுஷனோ, நீட்டிய பேனாவைக் கண்டு பாம்பைக் கண்டவர்போல் பின்வாங்கினார்.

“பாய், முதல் வரியப் படிங்க. ‘எங்கள் கிட்டங்கியின் கார்பனைப் பாதியாகக் குறைப்போம்.’ அம்புட்டுத்தான். போடுங்க கையெழுத்த.”

“மாட்டேன் தங்கச்சி. இங்கன கார்பனே கெடையாது. இல்லாதத எப்படிப் பாதியாக் கொறைக்கிறது?”

“இருக்கு பாய்!”

“அல்லா மேல ஆணையா இல்ல! மச்சான், கொட்டிக் காட்டுங்க!”

மைத்துனர் ஷரீப் பெட்டி பெட்டியாகக் கவிழ்த்தார். கம்பம் பள்ளத்தாக்கில் விளைந்த அத்தனை காயும் அவள் காலடியில் வந்து குவிந்தது. இன்னும் நாலு பெட்டி கவிழ்த்திருந்தால் மேகமலை மறைந்திருக்கும்.

“நல்லாப் பாருங்க, ஒரு கல்லு இருக்கா?” என்றார் ஷானவாஸ்.

“கல்லா? என்ன கல்லு?”

“காயப் பழுக்க வைக்கிற கார்பன் கல்லு! அதுக்குத்தான போன மாசம் பக்கத்துக் கிட்டங்கிக்குச் சீல் வச்சாக. இருக்குன்னு கையெழுத்துப் போட்டா என்னையும் தூக்கிருவாக!”

அனிதா மேரி காய்க்குவியல் மேலேயே பொத்தென்று உட்கார்ந்தாள். கார்பைடு கல்! சந்தையில் அதைக் கார்பன் கல் என்றுதான் சொல்வார்கள். மூன்று நடை நடந்து, தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியதெல்லாம் ஒரு கல்லுக்காகவா?

அந்நேரம் பார்த்துக் கரண்ட் போனது. பின்கட்டில் டீசல் ஜெனரேட்டர் உறுமிக்கொண்டு, பக்கத்து ஊரான கோம்பை வரைக்கும் இருட்டும்படி புகையைக் கக்கியது.

“அந்தா, அதுதான் பாய் கார்பன்! அந்தப் பொகை!”

“பொகையா?” ஷானவாஸுக்கு முகமெல்லாம் பல். “மொதல்லயே பொகைன்னு சொல்றதுக்கென்ன? அது நம்மகிட்டக் கொள்ளையாக் கெடக்கே!”

கையெழுத்தைப் போட்ட கையோடு, அவள் தடுப்பதற்குள் கொச்சிக்குப் போனும் போட்டுவிட்டார். “சாரே, கார்பன் இவிட இஷ்டம்போல உண்டு! எத்தன லோடு வேணும்?”

அனிதா மேரி போனைப் பிடுங்கினாள். “குறைக்கிறோம் சார்! ஜெனரேட்டருக்குப் பதிலா சோலார் போடுறோம், பாதியாக் குறைச்சிருவோம். கையெழுத்தாயிருச்சு, இப்பவே அனுப்புறேன்!”

கொச்சிக்காரர் சரி என்றார். அவளுக்கு அப்போதுதான் மூச்சே வந்தது.

ஷானவாஸ் மட்டும் கவலையோடு ஷரீப்பைப் பார்த்தார். “பாதின்னு எழுதிட்டாக மச்சான். நாளையிலருந்து உங்க பீடியவும் பாதியாக் கிள்ளித்தான் குடிக்கணும்.”