மீட்டர் பெட்டிச் சாவி

மீட்டரை மாற்ற வேண்டும் என்று கரண்டுக் கம்பெனியிலிருந்து மூன்றாவது கடிதமும் வந்துவிட்டது. என் வீட்டுக்காரர் சிவனாண்டி அதை நான்காக மடித்து, முதல் இரண்டு கடிதங்களும் கிடந்த தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். பூட்டி வைத்தால் கம்பெனிக்காரன் மறந்துவிடுவானா? எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

ஆரப்பாளையத்தில் எங்களுக்கு ஒரு மாவு மிஷின். அந்த 1938-ல் எங்கள் தெருவில் கரண்டில் ஓடிய மிஷின் அது ஒன்றுதான். கேப்பை, கம்பு, மல்லி, வத்தல் என்று பெண்கள் காலையிலேயே கூடையோடு வரிசை கட்டிவிடுவார்கள். மிஷினைப் பார்ப்பது அவர், கூட்டத்தைப் பார்ப்பது நான். எனக்கு வாய் அதிகம் என்று ஊருக்கே தெரியும், அதனால் வாசல் வேலை எனக்கு.

கடிதத்தில் இருந்ததை முத்திருளன் அண்ணன் சொன்னார். கம்பெனியிலிருந்து மாதாமாதம் மீட்டர் பார்க்க வருபவர் அவர்தான்.

“ஊர்ல இருக்க பழைய மீட்டரெல்லாம் கழத்திட்டுப் புதுசு மாட்டுறாக தங்கச்சி. நம்ம கைக்காசு எதுவும் இல்ல. ஏழு நாள்ல மாத்த விடலேன்னா கரண்ட வெட்டிருவாகளாம்.”

“மாத்திட்டுப் போகட்டும்ணே. மீட்டர் என்ன எங்க அப்பன் குடுத்த சீதனமா?” என்றேன்.

அவர் போனதும் என் வீட்டுக்காரர் மிஷினுக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

“செவத்துல இருக்குற வரைக்கும் அது என் கண்ணு முன்னால இருக்கு. கழத்தி வண்டியில ஏத்திட்டா, அங்கன போயி முத்திரக் கம்பி அந்துருக்குன்னு சொல்லுவாக. அப்ப நான் என்ன சொல்றது புள்ள?”

“அறுக்காத கம்பிய எப்படி மாமா அந்துருக்கும்பாக?”

“நம்ம ஆளுகளப் பத்தி என்னத்தையும் சொல்லலாம்” என்றார்.



அவர் ஏன் அப்படிப் பயந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு ஊர் உசிலம்பட்டிப் பக்கம். எங்கள் ஆட்கள் அத்தனை பேரும் பிறக்கும்போதே திருடர்கள் என்று சர்க்கார் ஒரு சட்டம் போட்டு வைத்திருந்தது. ரேகைச் சட்டம் என்போம். மீசை முளைத்தவனைப் போலீஸ் கச்சேரிக்குக் கூட்டிப் போய், பத்து விரல் ரேகையும் எடுத்து, ரிஜிஸ்தரில் பேரை எழுதிவிடுவார்கள். அதற்கப்புறம் அவன் ராத்திரியில் தன் வீட்டில் படுக்க முடியாது. கச்சேரியில் போய்த்தான் படுக்க வேண்டும். எனக்குத் தாலி கட்டிய அன்றைக்கும் இவர் அங்கேதான் படுத்திருந்தார். அந்தக் கோபம் எனக்கு இன்றைக்கு வரைக்கும் ஆறவில்லை.

ஆறு வருஷம் மனு மேல் மனு போட்டு அலைந்த பிறகு, மிஷின் வைத்துப் பிழைக்கிறார், ஒழுங்காக இருக்கிறார் என்று ரிஜிஸ்தரிலிருந்து பேரை எடுத்தார்கள். அந்த உத்தரவுக் காகிதமும் அதே தகரப் பெட்டியில்தான் இருந்தது. ஒரே ஒரு திருட்டுக் கேஸ் போதும், பேர் மறுபடி ஏறிவிடும்.

மீட்டரில் ஒரு மெல்லிய கம்பியைக் கோத்து, அதன் முனையில் ஈயக் குண்டை நசுக்கிக் கம்பெனி முத்திரை வைத்திருப்பார்கள். கம்பி அறுந்திருந்தால் கரண்டுத் திருட்டு. அதனால் மீட்டர் மாட்டிய அன்றைக்கே இவர் அதைச் சுற்றி ஒரு மரப்பெட்டி அடிக்கச் சொன்னார். அதற்குப் பூட்டுப் போட்டு, பூட்டின் இரண்டு சாவியையும் கொண்டுபோய்க் கம்பெனி ஆபீஸிலேயே கொடுத்துவிட்டு வந்தார். கொடுத்ததற்கு ரசீதும் கேட்டு வாங்கினார். ஆபீஸில் சிரித்தார்களாம். நானும்தான் சிரித்தேன். சொந்தப் பெட்டிச் சாவியை ஊரானிடம் கொடுத்துவிட்டு வந்த மகராசன் என்று வருகிற பெண்களிடமெல்லாம் சொல்லிக் கேலி செய்தேன்.

இன்னொன்றுக்கும் கேலி செய்வேன். அவர் பள்ளிக்கூடம் போனதில்லை. மிஷினுக்குப் போர்டு எழுத வந்த ஆளிடம் தன் பேரை ஒரு அட்டையில் எழுதி வாங்கிக்கொண்டார். தினமும் காலையில், மிஷினில் மாவு விழும் தகரத்தில் படிந்த மாவில் விரலால் அதைப் பார்த்து எழுதுவார். “காலங்காத்தால கோலம் போடுறீகளா?” என்று கேட்பேன். “இனிமே எவன்ட்டயும் வெரல நீட்ட மாட்டேன் புள்ள” என்பார்.

மீட்டரைக் கழற்ற விட்டால் கேஸ் வருமோ என்று பயம். விடாவிட்டால் கரண்டு போகும், மிஷின் நிற்கும். மிஷின் இல்லையென்றால் அந்த உத்தரவுக்கும் மதிப்பு இல்லை. இரண்டு நாள் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கடைசியில் நான்தான் சொன்னேன்.

“நம்ம கண்ணு முன்னால கழத்தட்டும். பாத்து எழுதி வச்சுட்டுக் கொண்டுபோகட்டும். நான் பேசிக்கிறேன்.”

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு முத்திருளன் அண்ணனோடு சூப்பர்வைசர் ஒருவர் வந்தார். வேட்டிக்கு மேல் கோட்டு, பையில் பேனா. அண்ணன் சாக்கில் புது மீட்டரைக் கொண்டுவந்திருந்தார். இடுப்பிலிருந்து சாவி வளையத்தை எடுத்துப் பெட்டியைத் திறந்தார். சூப்பர்வைசர் குனிந்து மீட்டருக்கு அடியில் பார்த்தார்.

“கம்பி அறுந்திருக்கே. இது யார் வேலை?”

கேள்வி பொதுவாகத்தான் வந்தது. ஆனால் பார்த்தது என் வீட்டுக்காரரை மட்டும்தான்.

“உனக்கு எந்த ஊரு?”

இவர் ஊரைச் சொன்னார். சூப்பர்வைசர் “ம்” என்றார். அந்த ஒரு “ம்” எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

“போலீசுக்கு எழுதித்தான் ஆகணும்.”

வரிசையில் நின்ற பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். இவர் கையைக் கட்டிக்கொண்டு “ஐயா” என்றார். முகத்தில் ரத்தம் இல்லை. எனக்கும் பயம்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பயம் வந்தால் எனக்கு வாய் கூடும்.

“ஏண்ணே, இப்பப் பெட்டியத் தெறந்தீகளே, அந்தச் சாவி எங்கருந்து வந்துச்சு?”

முத்திருளன் அண்ணன் சூப்பர்வைசரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். மாதாமாதம் அந்தப் பெட்டியைத் திறந்த ஒரே ஆள் அவர்தான். உண்மையைச் சொன்னால் கேள்வி அவர் பக்கம் திரும்பும், வேலையே போனாலும் போகும். ஆனாலும் சொன்னார்.

“ஆபீஸ்லருந்து.”

“எம்புட்டு நாளா அங்க இருக்கு?”

“மீட்டர் மாட்டுன நாள்லருந்து அங்கதான் ஆணியில தொங்குது.”

“இவங்ககிட்ட இன்னொரு சாவி இருக்கும்” என்றார் சூப்பர்வைசர்.

அண்ணன் வளையத்தை உயர்த்திக் காட்டினார். அதில் இரண்டு சாவிகள் தொங்கின. நான் ஓடிப்போய்த் தகரப் பெட்டியிலிருந்து ரசீதைக் கொண்டுவந்து சூப்பர்வைசர் கையில் கொடுத்தேன். பூட்டின் சாவி இரண்டும் பெற்றுக்கொண்டோம் என்று அவருடைய கம்பெனியே எழுதிய ரசீது. அவர் அதை இரண்டு தடவை வாசித்தார். பிறகு மறுபடியும் குனிந்து கம்பியைத் தொட்டார். தொட்ட இடம் செம்பொடியாக உதிர்ந்தது. மழைக்கு அந்தச் சுவரில் ஓதம் ஏறும்.

“துருப்பிடிச்சு இத்துப் போயிருக்கு” என்றார். முத்திருளன் அண்ணனிடம் திரும்பி, “மாசாமாசம் பாத்தியே, இது கண்ணுல படலையா?” என்றார்.

“நம்பரத்தான்யா பாப்பேன்” என்றார் அண்ணன். சூப்பர்வைசர் அதோடு விட்டுவிட்டார்.

“அதையே எழுதிருங்க சாமி. துருவுலதான் கம்பி அந்துச்சு, சிவனாண்டி மேல குத்தம் இல்லேன்னு” என்றேன்.

“ஆபீஸ்ல போயி எழுதிக்கிறேன்.”

“அப்ப மீட்டரும் எழுதுன பொறகு போகட்டும்” என்று பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு பெருமூச்சு விட்டு ஒரு கேப்பை மூட்டையில் உட்கார்ந்து, நோட்டில் எழுதி, எழுதியதைத் தமிழில் வாசித்தும் காட்டினார். நான் கேட்டபடியே இருந்தது. அப்புறம்தான் நகர்ந்தேன். முத்திருளன் அண்ணன் பழைய மீட்டரைக் கழற்றிப் புதியதை மாட்டி, பெட்டியைப் பூட்டி, இரண்டு சாவியையும் தன் இடுப்பில் செருகிக்கொண்டார். இந்தத் தடவை நான் சிரிக்கவில்லை.

“வீட்டுக்காரர் இதுக்குக் கீழ ரேகை வைக்கணும்” என்ற சூப்பர்வைசர் கோட்டுப் பையிலிருந்து மைப் பெட்டியை எடுத்துத் திறந்தார். “கட்டைவிரலை நீட்டு.”

அவர் கேட்டது ஒரு விரல். என் வீட்டுக்காரர் இரண்டு கையையும் நீட்டிவிட்டார். பத்து விரலையும் விரித்து, உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாகத் திருப்பி, நீட்டியபடியே நின்றார். கச்சேரியில் அப்படித்தான் நீட்டியிருப்பார் போல. நான் அதைப் பார்த்ததில்லை. அன்றைக்குத்தான் பார்த்தேன். எத்தனை காலை அந்த மாவில் எழுதியிருப்பார், நான் எத்தனை தடவை கேலி செய்திருப்பேன்.

மைப் பெட்டியின் மூடியை நானே மூடினேன்.

“அவரு எழுதுவாரு. பேனாவக் குடுங்க.”

பேனாவை அவர் அதற்கு முன் பிடித்ததில்லை. விரலைப் போலவே நேராகப் பிடித்துக்கொண்டார். ‘சி’ எழுதவே வெகுநேரம் ஆனது. வத்தல் அரைக்க வந்திருந்த மாயக்காள் கூடையைக் கீழே இறக்கி வைத்தாள். ஒருத்தியும் அவசரப்படுத்தவில்லை. ஐந்து எழுத்தும் முடிந்ததும் சூப்பர்வைசர் பேனாவுக்குக் கையை நீட்டினார். இவர் கொடுக்கவில்லை.

“இதே மாதிரி இன்னொண்ணு எழுதுங்கய்யா. எந் தகரப் பெட்டியில வைக்கணும்” என்றார். “அதுலயும் நான் கையெழுத்துப் போடுறேன்.”