கொலோனில் அச்சான கிழவி

1

“என் பேரைப் போடு.”

“போட்டா நாம ரெண்டு பேரும் ஜெயில்ல போய்—”

“நான் இன்னும் முடிக்கலை. இந்தத் தடவை என் பேரைப் போடு, ஜெர்வே.”

“விக்கிறது பெஹ்ராம் பேருதாம்மா. நீங்க இல்ல.”

“பெஹ்ராம்னு ஒருத்தன் கிடையாதுடா. நான்தான் அவன்.”

2

கதை எனக்கு இப்படித்தான் வந்தது: முகம் தெரியாத இரண்டு குரல்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு. பாரிஸில் சேன் ஜாக் தெருவில் பல காலமாகக் குடியிருக்கிறேன். முன்னூறு வருஷத்துக்கு முன் இங்கே வீட்டுக்கு வீடு புத்தகக் கடை. சண்டை போடுகிறவர்கள் யார் என்று அப்புறம்தான் விசாரித்தேன். அவள் அப்போலின், எழுபதைத் தாண்டிய விதவை. அவன் ஜெர்வே, அச்சுக்கூடக்காரன். பாரசீகத்துப் பயணி பெஹ்ராம் தன் ஊருக்கு எழுதும் கடிதங்கள் என்று சொல்லி அவள் ஒரு புத்தகம் எழுதினாள். பாரிஸ் சீமான்களின் பொய்முடி, கடன், பக்தி எல்லாவற்றையும் அதில் கிழித்திருந்தாள். அவள் பெயரில்லாமல் வந்த புத்தகம் விற்றுத் தீர்ந்தது. நாளைக்கு மறு அச்சு.

(இங்கே ஒரு பத்தி தொடங்கினேன்: ‘மழை பெய்த மாலையில் அப்போலின் ஜன்னலோரம்...’ அடித்துவிட்டேன். அவள் ஜன்னலோரம் உட்காருகிறவள் இல்லை.)

3

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘கொலோன் நகரில் அச்சானது’ என்றிருக்கும். அச்சானது என்னவோ ஜெர்வே கடையின் பின்கட்டில். தணிக்கைக்குப் பயந்து இப்படி வெளிநாட்டு ஊரைப் போடுவது அப்போது பலரும் செய்த வேலைதான்.

“ஊரைப் பொய்யா போடத் தெரியுது. என் பேரை நிஜமா போடத் தெரியலையாக்கும்.”

“வெளியூர்க்காரன் திட்டினா சிரிக்கிறாங்கம்மா. பக்கத்துத் தெருக் கிழவி திட்டினா போலீசைக் கூப்பிடுவாங்க.”

நியாயமான பேச்சு. எனக்கே அவள்மேல் சந்தேகம் வந்தது: இத்தனை நாள் ஒளிந்திருந்தவளுக்கு இப்போது என்ன வீம்பு? [கதை இங்கே படுத்துக்கொண்டது. நானும் விட்டுவிட்டேன்.] பிறகு கடைக் கதவு திறந்தது.

4

வந்தவர் மோர்வில் பிரபு. பொய்முடிக்குப் பூசியிருந்த வெள்ளை மாவு உதிர்ந்தது. கையில் அந்தப் புத்தகம்.

“கொலோனுக்கே ஆள் அனுப்பி வரவழைச்சேன். அச்சைப் பாரு. உன்னால முடியுமா இப்படி?”

“எங்கே பிரபு முடியுது,” என்றான் ஜெர்வே.

“பெஹ்ராம் என் வீட்லதான் சாப்பிட்டார். ஏழாம் கடிதத்துல ஒரு முட்டாள் சீமான் வர்றானே, அது நான்தான்.” மார்பை நிமிர்த்திக்கொண்டார். “கண்டவனெல்லாம் அது தான்தான்னு சொல்லிட்டுத் திரியறான். அதை நீ இங்கே திருட்டுத்தனமா மறுபடி அச்சடிக்கிறதாக் கேள்வி. அதுல என் பேரைப் போட்டுடு.”

அப்போலினின் சிரிப்பை அவர் மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

“சிரிக்காதேம்மா. இப்படி எழுத நம்ம ஊர்ல யாருக்குப் புத்தி இருக்கு?”

5

மூன்று முடிவுகள் எழுதிப் பார்த்தேன். முதலாவதில் அவள் உண்மையைச் சொல்கிறாள், பிரபு நம்பவில்லை. இரண்டாவதில் நம்பிவிடுகிறார், போலீஸ் வருகிறது. மூன்றாவதில் அவள் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய் இவரைப் பற்றி இன்னொரு கடிதம் எழுத... இல்லை, வாய் மூடுகிற அப்போலினை எனக்கு எழுத வரவில்லை.

பாரிஸ்காரி அவள் வெளிநாட்டானாகி எழுதினாள். வெளிநாட்டுக்காரி நான் பாரிஸ்காரியாகி எழுதுகிறேன். இரவல் வேஷம்தான், எழுத்து எங்களுடையது. அந்தத் திமிர் இரண்டு பேருக்கும் உண்டு.

நாளை முதல் பக்கத்தில் யார் பெயர் ஏறும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். எனக்குக் கிடைத்தது இவ்வளவுதான்: நாற்காலி நகரும் சத்தம். அவள் எழுந்து, எழுதி எழுதி நகக்கண் வரை மை ஊறிய வலது கையைப் பிரபுவின் முகத்துக்கு நேரே விரித்துக் காட்டினாள்.

“உங்க வீட்ல சாப்பிட்டுப் போனாரே பிரபு, அவரோட கை இப்படித்தானே இருந்துது?”