மகாராணிக்கு உடம்பு சரியில்லை

“ரொம்பப் பெரிய நோயா வேணாம் தம்பி. ரெண்டு நாள்ல குணமாகிற மாதிரி ஒண்ணு சொல்லு,” என்றபடி அவள் கடைப் படியில் உட்கார்ந்தாள். மடியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் பையும் பிளாஸ்க்கும் இருந்தன.

அலங்கார மீன் விற்கும் கடைக்காரன் வலையைத் தொட்டி விளிம்பில் மாட்டிவிட்டுத் தாடையைச் சொறிந்தான். “வெள்ளைப் புள்ளி சொல்லியாச்சு. வால் அழுகறது சொல்லியாச்சு. வயிறு உப்பி, பட்டாணி வேகவெச்சுக் குடுத்ததும் ஆச்சு. ஒரே தொட்டிக்கு எத்தனை நோய்தான்க்கா வரும்? அண்ணன் சந்தேகப்படப் போறாரு.”

“அதெல்லாம் பட மாட்டார். நீ சொல்லு.”

“சரி, ஏஞ்சல் மீன் மூலையில ஒதுங்கி நிக்குது. துடுப்பை ஒடுக்கி வெச்சிருக்கு. செவுள் வேகமா அடிக்குது. தீனியை வாயில வாங்கி வெளிய துப்புது. இது போதும். மத்ததை அவரே கேட்பார்.”

ஒதுங்கி, ஒடுக்கி, செவுள், துப்புது என்று பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி பஸ்ஸில் வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே போனாள். பக்கத்து சீட்டுக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். அவளுக்கு இருக்கிற கவலையில் இதெல்லாம் ஒரு கணக்கா?

உண்மையில் அந்தத் தொட்டியில் ஒரு மீன்கூட இல்லை. புருஷனை ஆஸ்பத்திரியில் சேர்த்த கையோடு இருவரும் அங்கேயே கிடந்தார்கள். அந்த நேரம் பார்த்து வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்துவிட்டது. காற்றுக் குழாயும் நின்றது, தண்ணீரைச் சூடாக வைக்கும் குழலும் நின்றது. மாற்றுத் துணி எடுக்க வந்தவள் கதவைத் திறந்ததுமே நாற்றம் மூக்கில் அடித்தது. டீ வடிகட்டியால் ஒவ்வொன்றாக அள்ளி எடுத்துக் கொல்லையில் புதைத்தாள். சுவிட்சைத் தூக்கிவிட்டதும் தொட்டி விளக்கு எரிந்தது. அதை அணைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அன்றிலிருந்து வெறும் தண்ணீருக்கு வெளிச்சம் காட்டிக்கொண்டு நிற்கிறது.

அவரிடம் அதைச் சொல்ல முடியுமா? இனிமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து மனுஷன் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டுவிட்டார். முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு படுத்தால் படுத்ததுதான். முப்பது வருஷம் லிஃப்ட் மெக்கானிக்காக வேலை பார்த்து, ஏறுகிறவன் இறங்குகிறவன் எல்லோரோடும் வாயடித்த ஆள். ஒரு ஸ்பூன் கஞ்சி இறங்கவில்லை. கெஞ்சினாள், திட்டினாள், அழுதுகூடப் பார்த்தாள். ஒரு ம்கூம் கூட வரவில்லை. கடைசியில் வேறு வழி தெரியாமல், “ஏங்க, மகாராணிக்கு உடம்பு சரியில்லைங்க,” என்று ஒரு பொய்யை எடுத்துவிட்டாள். மகாராணி என்பது அவருடைய ஏஞ்சல் மீன்.

“என்ன பண்ணுது?” என்றார் அவர்.

அந்த இரண்டு வார்த்தைக்காக அவள் பாத்ரூமுக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள். எல்லாம் நல்லா இருக்கு என்றால் அவர் தலையை ஆட்டுவதோடு சரி. நோய் என்றால்தான் பேச்சு. அதனால் நாளுக்கொரு நோய். தெருவில் அவருக்கு மீன் டாக்டர் என்று பெயர். பிளாஸ்டிக் பையில் தண்ணீரும் மீனுமாக ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அப்பேர்ப்பட்டவரிடம் அரைகுறைப் பொய் செல்லாது என்றுதான் கடைக்காரனைப் பிடித்தாள்.

வார்டில் அவர் வழக்கம்போல ஜன்னலைப் பார்த்துக் கிடந்தார். வெயில் உறைக்காமல் இருக்கக் கண்ணாடியில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். வெளியே அப்படி என்னதான் தெரியுமோ. நேற்றைவிட அதிகமாக மூச்சு வாங்கியது. ஆனாலும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஆரம்பித்தாள்.

“மகாராணி மறுபடியும் படுத்துறாங்க. மூலையில ஒதுங்கி நிக்குது. துடுப்பை ஒடுக்கிட்டு நிக்குது. தீனி போட்டா வாங்கி வாங்கித் துப்புது.”

“ஒண்ணுக்கா? எல்லாத்துக்குமா?” குரல் எங்கோ கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. அவருடைய முதல் கேள்வி எப்போதும் அதுதான். எல்லாத்துக்கும் என்றால் கோளாறு தண்ணீரில். ஒண்ணுக்கு மட்டும் என்றால் அந்த மீனில்.

“ஒண்ணுக்குத்தான். மத்ததெல்லாம் ஜோரா ஓடுது.”

“புதுசா எதையும் உள்ள விட்டியா?”

“நான் எதுக்குங்க விடப்போறேன்?”

“உடம்புல புள்ளி, புண்ணு?”

“ஒண்ணும் இல்லை. பளபளன்னு இருக்கு.”

அவர் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துக்கொண்டார். “கண்ணாடி எப்படி இருக்கு?”

இதைக் கடைக்காரன் சொல்லித்தரவில்லை. ஆனால் இதற்குப் பொய் எதற்கு? காலையில்தானே பார்த்துவிட்டு வந்தாள். “அதை ஏன் கேக்கறீங்க, பச்சைப் பசேல்னு பாசி படிஞ்சு கிடக்கு. உள்ள இருக்கறதே தெரியல.”

“முனிசிபாலிட்டி என்ன பண்றான்?”

கண்ணாடியில் வாயை ஒட்டிக்கொண்டு ராப்பகலாகப் பாசியை மேய்கிற கறுப்பு மீனுக்கு அவர் வைத்த பெயர் அது. அவன் உயிரோடு இருக்கிற தொட்டியில் இத்தனை பாசி ஏறாது. அது அவளுக்கே தெரியும், அவருக்குத் தெரியாதா?

“அவனும்… இருக்கான். இருக்காங்க. கொஞ்சம் சோம்பேறி ஆயிட்டான்.”

பக்கத்துக் கட்டிலில் யாரோ இருமினார்கள். வராந்தாவில் தள்ளுவண்டி ஒன்று கடகடவென்று போய் ஓய்ந்தது. பாவி, இந்த ஒரு சந்தோஷத்தையும் நீயே உன் வாயால் கெடுத்தாயே என்று அவள் தன்னையே சபித்துக்கொண்டாள். இனி அவர் வாய் திறக்கவே போவதில்லை. அந்தப் பயத்தில் என்ன பேசுகிறோம் என்று தெரியாமல், “மகாராணிக்கு என்ன மருந்து போடட்டும்? சொல்லுங்களேன். உப்புப் போடவா? தண்ணி மாத்தவா?” என்று கேட்டுக்கொண்டே போனாள்.

“மருந்தெல்லாம் வேணாம்.”

அவர் திரும்பினார். இத்தனை நாள் திரும்பாத மனுஷன், கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாக அவள் பக்கம் திரும்பிப் படுத்தார். அதற்கே நெற்றி வியர்த்துவிட்டது. துடைக்கப் போன கையைப் பிடித்துக்கொண்டார்.

“கண்ணு உள்ள போயிருக்கு,” என்றார். “தோளை ஒடுக்கிட்டு மூலையிலயே உக்காந்திருக்கு. நேத்து இட்லியைப் பிட்டு வாயில வெச்சுட்டு, எடுத்துக் காகிதத்துல சுத்திப் போட்டுது.”

“எதைச் சொல்றீங்க?”

“இந்த நாற்காலியில இருக்கிற மீனைச் சொல்றேன்.”

“நீங்கதான் அந்தப் பக்கம் பார்த்துட்டே கிடந்தீங்களே!”

“அந்தக் கறுப்புக் கண்ணாடில நீதான் தெரியறே. நாம பார்க்கறோம்னு தெரிஞ்சா மீன் நோயை மறைச்சிடும். நாம இருக்கறதை அது மறக்கணும். அப்பதான் தெரியும்.”

மூக்கை உறிஞ்சினாள். சிரிக்கப் பார்த்தாள், அது அழுகையாக வந்தது. “எல்லாம் செத்துப் போச்சுங்க,” என்றாள். “ஒண்ணுகூட மிஞ்சல. கரெண்டு போயி…”

“தெரியுது. விடு.”

“உங்ககிட்ட போய்ப் பொய் சொன்னேனே.”

“நல்லாத்தான் சொன்னே. அந்தப் பட்டாணி வைத்தியம் பிரமாதம்.” உதடு கோணிச் சிரித்தார். பிறகு வெகு நேரம் மூச்சுக்குத் தவித்தார். அது அடங்கியதும், “விளக்கை அணை. திரையை இழுத்து விடு. பயந்த மீனுக்கு வேற வைத்தியம் கிடையாது. இருட்டுல யாரும் தொந்தரவு பண்ணாம விட்டா, தானாத் தேறிடும்,” என்றார்.

“பட்டப்பகல்லயா?”

“சொன்னதைச் செய்.”

அணைத்தாள். திரையை இழுத்தாள். நாற்காலியைக் கட்டிலோடு ஒட்டிப் போட்டு, அவர் விலாப் பக்கம் மெத்தை விளிம்பில் தலையை வைத்தாள். அவர் கை வந்து தலைமேல் உட்கார்ந்தது. சும்மா கண்ணை மூடுவோம், அவர் தூங்கியதும் எழுந்துகொள்வோம் என்றுதான் நினைத்தாள். எத்தனை நாள் தூக்கமோ, அடித்துப் போட்ட மாதிரி தூங்கிப் போனாள்.

விழித்தபோது திரைக்கு அந்தப் பக்கம் நர்ஸின் செருப்புச் சத்தம் கேட்டது. தலைமேல் இருந்த கை கனத்தது. அதில் சூடு இல்லை. கட்டிலில் மூச்சுச் சத்தமும் இல்லை. அவளுக்கு எல்லாம் புரிந்தது. ஆனாலும் அவள் அசையவில்லை.

நர்ஸ் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தாள். ஒரு கையில் மாத்திரைத் தட்டு, இன்னொரு கை சுவரில் சுவிட்சைத் தடவியது. “என்னம்மா இப்படி இருட்டுல இருக்கீங்க? விளக்கைப் போடட்டுமா?”

“வேணாம்மா,” என்றாள் அவள், தலையை நிமிர்த்தாமல். “கொஞ்ச நேரம் இப்படியே இருக்கட்டும்.”