பாதிக்குக் கீழே

அறுவையில் மாற்றிய புது இடுப்பு வலிக்க வலிக்கக் குனிந்தாள் தூருன். மீட்டரின் இரண்டு முனைகளையும் வீட்டுச் சூரிய மின் பேட்டரியில் வைத்தாள். பத்து புள்ளி நான்கு வோல்ட். செத்த பேட்டரி.

"எய்லிஃப்! இங்க வா."

அவளுடைய இறந்த கணவன் ஹால்வாரின் தம்பி கறுப்புக் கோட்டோடு வந்தான். தீவின் துறையில் அடக்கத்துக்காகச் சர்ச்சுக்குப் போகும் படகு காத்திருந்தது.

"நான் பெர்கன் ஆஸ்பத்திரில கிடந்த ஒன்பது நாளும் நீதானே இவர்கூட இருந்த? என்ன ஓட்டின? டிவியா, ஹீட்டரா?"

"எதுவும் போடல, தூருன்."

அவள் நம்பவில்லை. ஹால்வார் மற்றதில் கஞ்சன் அல்ல, பேட்டரியில் மட்டும் மகா கருமி. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் போச்சு என்பான். விருந்தாளி பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே விளக்கை அணைப்பான். அந்தச் சிடுசிடுப்பில்தான் ஆறு வருடம் உழைக்க வேண்டிய பேட்டரி பதினோரு வருடம் ஓடியது. அவன் படுக்கையில் விழுந்ததும் யாரோ அதில் கை வைத்திருக்கிறார்கள்.

"அப்ப எலி குடிச்சுதா? அண்ணன் சாகக் கிடக்கறப்ப இங்க கூத்தடிச்சியா?"

எய்லிஃபின் முகம் சிவந்தது. ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துக் கொடுத்தான். ஹால்வார் தினமும் காலையில் அளவையும் காரணத்தையும் எழுதும் நோட்டு. எழுத்து நடுங்கினாலும் அவனுடையதுதான்.

12.4, மூட்டம். 12.0, தூருன். 11.6, தூருன். 11.1, தூருன்.

"நானா? நான் இங்கயே இல்லையே!"

"போன்ல இருந்தியே. சிக்னல் பெட்டி ஓடினாத்தானே இங்க போன் கிடைக்கும். அணைக்கவே விடல."

'அஞ்சு நிமிஷம்தான், பேட்டரி' என்று போனை வைத்துவிடுகிறவன் அந்த வாரம் மணிக்கணக்கில் பேசினான். மீனைப் பற்றிப் பேசினான், பழைய படகின் பெயிண்ட்டைப் பற்றிப் பேசினான். பக்கத்துக் கட்டில்காரியிடம் அவள் பெருமையடித்துக்கொண்டாள். சந்தேகப்பட்டிருக்க வேண்டியது அப்போதுதான்.

"சாகப் போறது அவருக்குத் தெரியுமா?"

"டாக்டர் சொல்லிட்டார். உன் இடுப்பு ஆறட்டும், வாயத் திறக்காதன்னு அண்ணன்தான் சொன்னான்."

கடைசி நாள் ஆஸ்பத்திரியில் அவளுடைய சூப் ஆறிக்கொண்டிருந்தது. "போதும் ஹால்வார், பேட்டரி தீர்ந்துடப் போகுது" என்றாள். "தீந்தா தீரட்டும்" என்று அவன் சிரித்தான். போனை அவள்தான் வைத்தாள்.

துறையில் படகு ஊதியது.

"பென்சில் குடு."

கடைசி வரிக்குக் கீழே 10.4 என்று எழுதினாள். காரணத்துக்கு நேரே பென்சிலை வைத்தாள். எதுவும் வரவில்லை. படகு மறுபடி ஊதியது.